தலைப்பில்லாத கட்டம்

ஹில்க்கா இரண்டாம் முறையும் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை.

புது ஜன்னல் போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. காலை ஆறரை மணிக்குச் சமையலறைக் கண்ணாடி முழுக்க வெள்ளையாக ஆவி படிந்து கிடந்தது.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜன்னல் மாட்டிய இல்மோவுக்குப் போன் போட்டாள்.

உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்தான். பழுது என்றால் கழற்றிக்கொண்டு போகட்டும். பழைய ஜன்னல் இன்னும் கொட்டகையில்தான் சாய்ந்து நிற்கிறது.

அந்தப் பழைய ஜன்னலோடு அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது.

அதன் உட்சட்டம் கோணிப்போனது. ஒவ்வோர் அக்டோபரிலும் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஈரம் உறிஞ்சக் காய்ந்த பாசி பரப்பி, இடுக்கெல்லாம் காகித நாடா ஒட்டினாலும், ஜெரேனியம் பூந்தொட்டிக்குப் பின்னால் கீழ்மூலையில் உள்பக்கமே பனி பிடித்துவிடும்.

அந்தப் பனியில் ஒரு காப்பிக் கோப்பை இருக்கும்.

விரலால் வரைந்தது. சின்னது. கைப்பிடி வலது பக்கம்.

அவள் கணவன் யோர்மா பால் லாரி ஓட்டுகிறவன். நாலு மணிக்குக் கிளம்பும்போது அவள் தூக்கத்தில் இருப்பாள். எழுந்து வந்து தொட்டியை நகர்த்திப் பார்ப்பாள். காப்பி குடித்து முடித்த பிறகுதான் கண்ணாடியைத் துடைப்பாள்.

முப்பத்தோரு குளிர்காலம். அவன் சொன்னதில்லை. இவள் கேட்டதில்லை. வாயைத் திறந்தால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவான் என்று பயம்.

அதனால்தான் மார்ச் மாதம் மின்சார பில் வந்து, ஜன்னல்களை மாற்றக் கணக்குப் போட யோர்மா கட்டம் போட்ட நோட்டை எடுத்தபோது, அவளால் ஒழுங்காக ஒரு சண்டைகூடப் போட முடியவில்லை.

இல்மோ அளவெடுக்க வந்தான். லைட்டரைக் கண்ணாடிக்கு எதிரே பற்றவைத்து, அதில் தெரிந்த சுடர்களை எண்ணினான்.

"நாலு சுடர். ஒரு கண்ணாடிக்கு ரெண்டு, அப்போ ரெண்டே கண்ணாடி. அதுவும் உங்க வயசு. நீங்க வீட்டைச் சூடாக்கல யோர்மா, நிவாலா ஊரையே சூடாக்கிட்டு இருக்கீங்க."

யோர்மா சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டான்.

பழசு: ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு 2.7 வாட் வெளியே போகிறது. வருடத்துக்கு 680 யூரோ ஜன்னல் வழியாகவே காலி. புது இரட்டைக் கண்ணாடி: 1.3 வாட், 328 யூரோ. மூன்று கண்ணாடி: 0.8 வாட், 202 யூரோ. ஆனால் இரட்டையைவிட விலை 2900 அதிகம்.

மூன்றாவது கட்டம் வரை தலைப்பு இருந்தது. வாட், வருடச் செலவு, விலை. நாலாவது கட்டத்துக்குத் தலைப்பில்லை. மேலிருந்து கீழே, ஜன்னலுக்கு ஒன்றாக, மூன்று வார்த்தை மட்டும்.

உள்ளே. இல்லை. வெளியே.

அவள் அதைக் கவனித்தாள். ஏதோ ஆணி, திருகு விஷயம் என்று விட்டுவிட்டாள்.

"மூணு கண்ணாடியே போடலாம்," என்றான் யோர்மா.

"கூடப் போடுற பணம் திரும்பிவர இருபத்துமூணு வருஷம் ஆகும்! உன் கணக்குதான் சொல்லுது. அதுவரைக்கும் நாம இருப்போமா?"

"ஜன்னல் இருக்கும்."

ஒரு கிலோ உருளைக்கிழங்குக்கு இரண்டு கடை ஏறி விலை பார்க்கிறவன் சொன்ன பதில் அது.

"அப்போ சமையலறை ஜன்னலை மட்டுமாவது விட்டுடு, யோர்மா."

"இருக்கறதுலயே மோசம் அதுதான். எதுக்கு விடணும்?"

எதுக்கு என்று அவள் எப்படிச் சொல்வாள்?

செப்டம்பரில் மாட்டினார்கள். வீடு கதகதப்பாகத்தான் ஆனது. கண்ணாடி உள்பக்கம் காய்ந்து, பளிச்சென்று, ஒன்றுமில்லாமல் இருந்தது. முதல் நாலு நாள் தொட்டியை நகர்த்திப் பார்த்தாள். பிறகு நகர்த்துவதை விட்டுவிட்டாள்.

போனில் இல்மோவின் தூக்கக் குரல் வந்தது. "துடைச்சும் போகலையா? ஹில்க்கா, நீங்க உள்ளே நின்னுதானே துடைக்கிறீங்க?"

"பின்னே கூரை மேலயா?"

"ஆவி வெளிப்பக்கம் இருக்கு. உங்க வீட்டுச் சூடு வெளிக் கண்ணாடியை எட்டவே இல்லை, அதான் அது சில்லுனு கிடக்கு. தெளிஞ்ச வானமா இருந்தா ராத்திரியில படியும். நல்ல ஜன்னல்ன்னு அர்த்தம். ரெண்டு கண்ணாடின்னா இப்படி வராது. வாங்கறதுக்கு முன்னாடியே உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னேனே."

"அவன் என்ன சொன்னான்?"

"என்ன சொன்னார்... நிச்சயமா படியுமான்னு மூணு தடவை கேட்டார். எல்லாரும் படியாதுல்லன்னுதான் கேப்பாங்க."

போனை வைத்தாளா என்பதுகூட நினைவில்லை. தொட்டியை நகர்த்தினாள்.

கீழ்மூலையில் கோப்பை இருந்தது. கைப்பிடி மட்டும் இடது பக்கம் போயிருந்தது.

வெளியே, வாசல் விளக்கடியில், குளிரில் கையுறையைக் கழற்றி வரைந்தது.

ஹில்க்கா துணியை மடித்து வைத்தாள். காப்பி போட்டாள். குடித்து முடித்தும் கண்ணாடியைத் துடைக்கப் போகவில்லை.

பிறகு இழுப்பறையிலிருந்து நோட்டை எடுத்து, நாலாவது கட்டத்தின் மேல், தலைப்பு வரவேண்டிய இடத்தில், பென்சிலால் ஒரு சின்னக் கோப்பை வரைந்தாள்.