முழுங்காத உகரம்

பேச்சியம்மாளின் வாயில் ஆங்கிலச் சொல் எதுவும் மெய்யெழுத்தோடு நிற்காது; வாலில் ஓர் உகரம் தொற்றிக்கொள்ளும்.

"லெஃப்ட்டு என்ன லெஃப்ட்டு? அந்த 'டு'வ முழுங்கும்மா, பைலட் ஆகணும்ல" என்று பயிற்சியாளர் கடுகடுப்பார்.

அவள் முதன்முதலாகத் தனியே பறந்த அன்று வானம் இருட்டிக்கொண்டு வந்தது. எல்லோரும் உடனே இறங்க உத்தரவு. ரேடியோவில் ஒரே இரைச்சல்.

"டர்னிங்கு லெஃப்ட்டு" என்றாள். ஒரே தடவையில் புரிந்துகொண்டு "ராஜர்" என்றது கட்டுப்பாட்டுக் கோபுரம்.

பின்னால் இன்னொரு விமானத்தில் வந்துகொண்டிருந்த பயிற்சியாளர் "டர்னிங் லெஃப்ட்" என்றார். கோபுரத்துக்குக் கேட்கவில்லை, "சே அகெய்ன்" என்றது. மறுபடி சொன்னார். மறுபடியும் "சே அகெய்ன்."

மூன்றாம் தடவை அவருடைய குரல் அவள் காதில் விழுந்தது, எதையும் முழுங்காமல்:

"லெஃப்ட்டு."