வந்து சேராத தந்தி

பேராசிரியர் முகைதீன்பாவா மேன்முறையீட்டுச் சட்டம் பற்றி எழுதிய நூலில், முதல் அத்தியாயம் அவரே வென்ற வழக்கு. நெல் களவெடுத்தாரென்று தண்டிக்கப்பட்ட மீராசாஹிபு, குற்றவாளி அல்ல என்று தீர்ப்பான வழக்கு.

1985 இல் கல்முனையில் நூல் வெளியீடு முடிந்ததும், மீராசாஹிபுவின் மனைவி நாச்சியா தன் மகளோடு வந்தாள்.

“நீங்க கொழும்பில வழக்குப் பேச முந்தியே, பிணையில வந்திருந்த மனிசன் வீட்டில மூச்சடங்கி மவுத்தாகிட்டார், சேர். தந்தி அடிச்சம். அது உங்களுக்கு வந்து சேரல்ல எண்டீங்க.”

“ஓம். வந்திருந்தா வழக்கு அதோட முடிஞ்சிருக்கும். மவுத்தானவருக்கு மேன்முறையீடு இல்ல.”

“அப்ப கள்ளன் எண்ட பேரோடயே போயிருப்பார். தந்தி வராததும் அல்லாஹ்ட நாட்டம்தான். வருசா வருசம் அவர்ட நினைவுக் கத்தத்தில குர்ஆன் ஓதி உங்களுக்கும் துஆக் கேக்கிறம்.”

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நாச்சியா நூலை நீட்டினாள். “இதில அவர் மவுத்தான திகதிய உங்கட கையால எழுதித் தாங்க.”

ஆறு வருடமாக அவரைத் தூங்கவிடாத திகதி அது. யோசிக்காமல் 12.3.1979 என்று எழுதினார்.

மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“வாப்பா மவுத்தானது பதினோராந் திகதி, சேர். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு எண்டதால, நம்மட கணக்கில அடுத்த நாளெண்டு நினைச்சுப் பன்னிரண்டு எண்டு பிழையா எழுதினது நான்தான். அந்தத் தந்தியில மட்டும்தான்.”