அணைத்த திரை

லேப்டாப் கறுத்துக் கிடந்தது. அவள் அதன் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

மேஜைக்கடியில் அவள் கணவருடைய சிபியு உறுமிக்கொண்டிருந்தது. அவர் போய்ப் பதினோரு நாளாகியும் அது ஓயவில்லை. அதன் பச்சை விளக்கை அணைக்க அவள் யாரையும் விடவில்லை. துக்கத்தில் இப்படி ஏதாவது பிடிவாதம் வரும் என்று சொந்தக்காரர்கள் விட்டுவிட்டார்கள்.

துக்கமாவது ஒன்றாவது. பயம்.

மானிட்டர் இல்லை. அவரை மாடியிலிருந்து தூக்கிக்கொண்டுபோக மேஜையை நகர்த்தியபோது யாரோ அதைத் தள்ளி உடைத்துவிட்டார்கள். அதனால் மகள் நிதிலா ஒரு சின்ன டப்பா கொண்டுவந்திருந்தாள். அவள் வேலை செய்யும் சர்வர் அறையில் எந்தப் பெட்டிக்கும் திரை கிடையாதாம். டப்பாவைச் செருகினால் போதும், கையிலிருக்கும் லேப்டாப்பே அந்தப் பெட்டிக்குத் திரையாகவும் கீபோர்டாகவும் ஆகிவிடும்.

"ஒன்பது மணிக்குக் கரண்ட் போயிடும்மா. சாயங்காலம்தான் வரும். அதுக்குள்ள அப்பா அடிச்சத சேவ் பண்ணிடு," என்று சொல்லி டப்பாவைச் செருகிவிட்டு நிதிலா கீழே போனாள்.

சேவ் பண்ணுவதாம். அந்த மனுஷன் ஒருநாளும் பண்ணியதில்லை.

தொண்டையில் ஆபரேஷன் ஆகி குரல் போன பிறகு அவர் பேசியதெல்லாம் நோட்பேடில்தான். கொட்டை எழுத்தில் அடிப்பார். அவள் பக்கத்தில் நின்று படித்துவிட்டு வாயால் பதில் சொல்வாள். படுக்கப் போகும்போது அப்படியே மூடிவிடுவார். பேச்சைப் போய் யாராவது பெட்டியில் பூட்டி வைப்பார்களா என்று ஒருமுறை அடித்துக் காட்டியிருக்கிறார்.

அவர் போன அன்றைக்குக் காலையில் சண்டை. அவள் தங்கை மகள் கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்றார். தொண்டை ஓட்டையை ஊரே வேடிக்கை பார்க்குமாம். அவள் கத்தினாள். அவர் தடதடவென்று அடித்தார். அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

கையை நீட்டி மானிட்டரை அணைத்தாள்.

வாயைப் பொத்துகிற மாதிரி.

படி இறங்கும்போதும் சத்தம் கேட்டது. தட்டிக்கொண்டே இருந்தார். திட்டட்டும், யார் படிக்கப்போகிறார்களாம் என்று குக்கரை ஏற்றினாள்.

கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தது. கோபம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

சோற்றுத் தட்டோடு மேலே போனபோது அவர் கீபோர்டின் மேல் கவிழ்ந்து கிடந்தார்.

திட்டினாரா, கூப்பிட்டாரா?

இதைக் கேட்டுக் கேட்டே பதினோரு நாளாகத் தூக்கமில்லை.

லேப்டாப் ஒருமுறை சிமிட்டியது. அவருடைய நோட்பேட் வந்து நின்றது.

வெறும் வெள்ளை. ஓர் எழுத்து இல்லை.

அப்பாடா என்று இருந்தது. அடுத்த நொடியே அப்படி இருந்ததற்காக வெட்கமாக இருந்தது.

அப்புறம்தான் ஓரத்துப் பட்டையைப் பார்த்தாள். அது கடுகளவு சுருங்கி அடியில் கிடந்தது. மேலே இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

மேலே போனாள். வெள்ளை. இன்னும் மேலே. வெள்ளை. விரல் வலிக்கும்வரை போனாள்.

எழுத்து வந்தது.

போ. நீ பாக்கலேன்னா எனக்கு ஒண்ணும் இல்ல.

பாக்க மாட்டே. அதான் சொல்றேன்.

எனக்குப் பயமா இருக்கு தமயந்தி.

நெஞ்சு என்னமோ பண்ணுது. கொஞ்சம் மேல வா.

அவ்வளவுதான்.

அதற்குக் கீழே அவர் விரல் என்டர் பட்டனிலேயே இருந்திருக்கிறது. குழம்பு கொதித்த நேரமெல்லாம், அவள் அப்பளம் பொரித்த நேரமெல்லாம், வரி வரியாக ஒன்றுமில்லாமல் இறங்கியிருக்கிறது.

அவளும் இறங்கினாள். அத்தனை வெள்ளையிலும் இன்னொரு சொல் இருக்குமா என்று தேடிக்கொண்டே இறங்கினாள். இல்லை.

கடைசி வரியில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.

இதில் அவள் ஒருநாளும் கை வைத்ததில்லை. அவளுக்குத்தான் வாய் இருந்ததே.

ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தாள்.

வந்துட்டேன்.

மணி ஒன்பதாகப்போகிறது என்று கீழேயிருந்து நிதிலா குரல் கொடுத்தாள்.

அவள் கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அடுத்து அவர் பேச வேண்டும்.