ராணி வேஷத்துக்கு ஏழு ஊக்கு

கொசுவத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றான். விட்டால் சேலை தரையில் கிடக்கும்.

கல்லூரி விழா மேடையில் குழு நடனம் ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்தால் இவர்களின் நாடகம்.

எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார்கள். சவுரிக் கொண்டை. நண்பன் பிரிட்டோவின் அக்கா சேலை. ஒரு பழைய கைப்பை. அதற்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வரவேண்டிய ரப்பர் பேண்ட், தைலம், நூல்கண்டு, மெழுகுவர்த்தி, அதற்குத் தீப்பெட்டி, பிறகு ஒரு குக்கர் மூடி, கடைசியாகத் துறைத்தலைவரின் புகைப்படம்.

நாடகத்தின் பெயர் ‘ஊக்கு அக்கா’.

ஊக்கை மட்டும் மறந்திருந்தார்கள்.

“அசையாம நில்லுல, இந்தா வந்துட்டேன்” என்று பிரிட்டோ ஓடினான். இரண்டு நிமிடத்தில் திரும்பினான். இந்தக் கல்லூரியில் ஊக்கு வேண்டுமென்றால் கால்கள் தாமாக எங்கே போகுமோ, அங்கே போயிருந்தான்.

அவன் பின்னாலேயே சகாயமேரி அக்கா வந்தார். இயற்பியல் ஆய்வக உதவியாளர்.

யாரைக் கூட்டி வந்திருக்கிறோம் என்பது பிரிட்டோவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“மைக்க பாத்துட்டு வாரேன்” என்று காணாமல் போனான்.

அவனால் போக முடிந்தது. அவன் போட்டிருந்தது பேண்ட்.

அக்காவின் வளையலில் ஊக்குகள் கொத்தாகத் தொங்கின. பெட்டிக்கடையில் அட்டை அட்டையாகக் கிடைக்கும் அதே சாதாரண ஊக்கு. அறுந்த செருப்பு வாரிலும், பொத்தான் தெறித்த சட்டையிலும், ஜிப் பிய்ந்த பையிலுமாக அவை வருடா வருடம் பட்டம் வாங்கி வெளியேறிக்கொண்டிருந்தன.

முதலாண்டு செய்முறைத் தேர்வன்று ஒன்று அவன் கால்சட்டையில் இருந்தது. எந்த இடத்தில் என்பதை அக்கா இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அவன்தான் அவரைப் பற்றி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். நடித்தும் காட்டுவான். நன்றாக வரும்.

கைப்பையைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினான்.

“கைய எடு. நான் பிடிச்சிக்கிடுதேன்.”

எடுத்தான்.

இடுப்பில் ஒரு ஊக்கு. பக்கத்திலேயே இன்னொன்று.

“யாரு வேஷம்யா?”

“ராணிக்கா.”

“எந்த ஊரு ராணி?”

“சும்மா... பொதுவா ராணி.”

அக்கா ஓரடி பின்னால் போய் அவனை மேலும் கீழும் பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த முந்தியை உருவிக் கீழே விட்டார்.

“ராணின்னா முந்தி தரையில இழுபடணும்லா. இப்பிடி ஏத்திச் செருகுனா வேலைக்குப் போறவ மாதிரில்லா இருக்கு.”

வேலைக்குப் போகிறவர் மாதிரிதான் கட்டியிருந்தார்கள். அது சரியாக வர நான்கு நாள் ஒத்திகை ஆகியிருந்தது.

தோளில் மூன்றாவது ஊக்கு. நான்காவது.

ஒவ்வொன்றையும் குத்தும்போது துணிக்கு அடியில் தன் விரலை வைத்துக்கொண்டார். ஊசி முனை அவர் விரலைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. அவன் மேல் ஒருமுறைகூடப் படவில்லை.

சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. வசனம் எழுதுவதில் கல்லூரியில் அவனுக்கு நல்ல பெயர். ஒரு வாக்கியம்கூட அமையவில்லை.

“ஆடாம நில்லுய்யா. என்னத்துக்கு இப்பிடி வேர்க்கு? மொதத் தடவையா ஏறுத?”

“இல்லக்கா.”

“பொறவென்ன. ராணி வேர்க்கப்பிடாது.”

தன் கைக்குட்டையால் அவன் நெற்றியை ஒற்றினார். பவுடர் கலையாமல் ஒற்றினார்.

ஐந்து. ஆறு.

நடனம் முடிந்து கைதட்டல் கேட்டது. அக்கா ஏழாவது ஊக்கை வளையலிலிருந்து கழற்றி, திறந்து, முதுகுப் பக்கம் மடிப்பைச் சேர்த்துப் பிடித்தார்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

“அடுத்து வருவது, மூன்றாமாண்டு இயற்பியல் மாணவர்கள் வழங்கும் நகைச்சுவை நாடகம், ஊக்கு அக்கா!”

அரங்கம் முழுக்க விசில். யாரோ மேசையைத் தட்டினார்கள்.

முதுகில் அந்தக் கை நின்றது.

இப்போது குத்தினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். ஆழமாக.

டிக்.

ஊக்கு மூடிக்கொண்டது. விரல் வைத்துத்தான் மூடியிருந்தார்.

அக்கா முன்னால் வந்தார். முகத்தை நிமிர்ந்து பார்க்க அவனால் முடியவில்லை. தரையில் அவர் கால்கள் மட்டும் தெரிந்தன. வலது செருப்பின் வாரிலும் ஓர் ஊக்கு.

அவர் தன் கண்ணாடியைக் கழற்றினார். சேலைத் தலைப்பில் இரண்டு பக்கமும் துடைத்தார். அவன் காதுகளில் மாட்டி, மூக்கின் மேல் சரியாக உட்கார வைத்தார்.

“இது இல்லாம யாருன்னு தெரியாதுல்லா.”

குரல் எப்போதும்போலத்தான் இருந்தது.

பிறகு சுவரைத் தடவிக்கொண்டே படியிறங்கினார். ஒவ்வொரு படியையும் முதலில் காலால் தேடி, அப்புறம் இறங்கினார். மாணவர்களோடு மாணவராக எங்கோ ஒரு நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும்.

திரை விலகியது.

அவன் இன்னும் வாயைத் திறக்கவில்லை. அரங்கம் சிரிக்கத் தொடங்கியது. மூன்று வருடத்தில் அவனுக்குக் கிடைத்த மிகப் பெரிய சிரிப்பு.

தடித்த கண்ணாடிக்குள் எல்லா முகங்களும் கலங்கித் தெரிந்தன. ஒன்றைத் தேடினான்.

எந்த முகத்துக்கும் கண் மூக்கு இல்லை.

பக்கவாட்டுத் திரைக்குப் பின்னாலிருந்து பிரிட்டோ முதல் வசனத்தை எடுத்துக் கொடுத்தான்.

கேட்டது.

கொஞ்சம் சத்தமாக மறுபடியும் கொடுத்தான்.

அதுவும் கேட்டது.