பத்தின் ஐந்தாம் அடுக்கு

வெள்ளம் அடித்துக்கொண்டு போன செங்கி என்ற எறும்பு, ஒரு சுள்ளியைப் பற்றிக்கொண்டு எப்படியோ பிழைத்து, நீர் வடிந்த பிறகு புற்றுக்குத் திரும்பி வந்தாள். வாசலில் கணக்கர் எறும்பு, இறந்தவர்களின் தொகையை இலையில் எழுதி முடித்திருந்தார்: 2.4 × 10⁵.

"ஐயா, இதுல நானும் இருக்கேனா?" என்று கேட்டாள்.

"காணாமப் போன எல்லாரும் இருக்காங்கம்மா. சுமாரா ரெண்டு லட்சத்து நாப்பதாயிரம் பேர். ஒண்ணு ரெண்டுன்னு வர்ற சில்லறையை விட்டுட்டு, பத்தோட அடுக்காச் சுருக்கிட்டேன்."

"நான்தான் சாகலையே. ஒண்ணைக் கழிச்சிடுங்க."

கணக்கர் இலையைத் திரும்பப் பார்த்தார். "கழிச்சாலும் இது இப்படியேதாம்மா இருக்கும்" என்றார். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

"நான் செத்திருந்தா?"

"அப்பவும் இப்படியேதான்."

செங்கி உள்ளே இறங்கினாள். ஆளில்லாத அறைகளின் வாசல்களையெல்லாம் மண் வைத்து அடைத்திருந்தார்கள். அவளுடைய அறை மட்டும் திறந்திருந்தது. வாசலை மறித்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். செங்கியின் முகத்தை உணர்கொம்புகளால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"அடைக்க வந்தாங்கடி" என்றாள் அக்கா. "இன்னும் ஒருத்தி வரணும்னு சொல்லி, நான்தான் விடல."