மூன்றாவது ஸ்டேஷன்

"அக்கா, கட்டடத்தோட உச்சியே தெரியலைக்கா! ஜன்னல் கம்பில கன்னத்தை வச்சுப் பார்த்தும் தெரியல!"

ரயிலில் பெண்கள் பெட்டி. ஜன்னலோரம் இடம் கிடைத்த குஷியில், மடியில் ஃபைலை அணைத்தபடி அவள் ஃபோனில் கத்திக்கொண்டிருந்தாள். இந்த நகரத்துக்கு இன்று காலையில்தான் வந்திருந்தாள்.

"அய்யோ, பாலத்து மேல பாலம், அதுக்கு மேல இன்னொரு ரயில்! நம்ம ஊர் சனம் மொத்தமும் இந்த ஒரு பெட்டில இருக்குக்கா!"

"வாயைப் பொளந்துட்டு இருக்காதடி. நேரத்துக்குப் போய்ச் சேரு."

"பத்து மணிக்குத்தானே இன்டர்வியூ? லேட்டானா கதவைச் சாத்திடுவாங்க, இந்த வேலையை நம்பித்தான் வீடே இருக்கு. எல்லாம் ஞாபகம் இருக்கு. மணிக்கூண்டு ஸ்டேஷன்ல இறங்கணும். இன்னும் மூணு ஸ்டேஷன். அதுவரைக்கும் ராணி மாதிரி வேடிக்கை பார்க்கப் போறேன்!"

எதிரே டிபன் பையோடு நின்ற அம்மா சட்டென்று குனிந்தார்.

"எழுந்திரு."

"நான்தானே முதல்ல..."

"எழுந்திருன்னா எழுந்திரு. வாய் வேற!"

தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டு, அந்த இடத்தில் அவரே உட்கார்ந்துகொண்டார்.

"அக்கா, என் சீட்டைப் பிடுங்கிட்டாங்கக்கா!"

"சொன்னேன்ல? அந்த ஊர்ல ஈவு இரக்கமே கிடையாது!"

முதுகில் ஒரு கை தள்ளியது. இடுப்பில் ஒரு முழங்கை இடித்தது. "நகரு, நகரு! மரம் மாதிரி நிக்கிறா பாரு!"

ஒரு ஸ்டேஷன் போனது. இன்னொன்றும் போனது. தள்ளுவது மட்டும் நிற்கவில்லை. யாரோ ஃபைலையும் உருவினார்கள். அது தலைகளுக்கு மேலே கை மாறிக் கை மாறிப் போனது.

"ஐயோ, என் சர்டிஃபிகேட்!"

ஃபைலைத் துரத்திக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தாள். ரயில் நின்றது. பின்னாலிருந்து ஒரே தள்ளு. பிளாட்பாரத்தில் குப்புற விழாத குறை. வாசலில் நின்ற ஒருத்தி ஃபைலை அவள் கையில் திணித்தாள்.

நிமிர்ந்தாள். மணிக்கூண்டு ஸ்டேஷன்.

அதற்குள் பிளாட்பாரமே திரண்டு வாசலில் பாய்ந்தது. "வழி விடுங்கம்மா, நான் இறங்கணும்!" என்று உள்ளே யாரோ அலறினார்கள். அந்தக் குரலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ரயில் கிளம்பியது.

"என்னடி ஆச்சு? லைன்ல இருக்கியா?" ஃபோனில் அக்கா பதறினாள்.

நகரும் ஜன்னலிலிருந்து டிபன் பை அம்மா கத்தினார்.

"பேசிக்கிட்டு நிக்காம ஓடுடி, கதவைச் சாத்திடப் போறாங்க! பத்திரமா இறக்கி விட்டாச்சுன்னு அக்காகிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்!"