முறம் போல ஒரு இலை

"பூவே வேண்டாம்க்கா. இலை மட்டும் முறம் முறமா விரியணும். என்ன மண், என்ன உரம்?"

ஆபீஸ் செடிக்காக ஒரு கிளார்க் இவ்வளவு மெனக்கெடுவதை நர்சரிக்கார அக்கா பார்த்ததே இல்லை.

"கோகோபீட், அதான் தேங்காய் நார்த்தூள், பாதி, மண்புழு உரம் கால், மணல் கால். இலை பெருக்க இந்த உரம், மாசம் ஒரே ஸ்பூன். ஆமா, செடி மேல அப்படி என்ன பாசம் தம்பி?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "செடி மேனேஜர் ரூம் கண்ணாடிக்கு முன்னால இருக்குக்கா. மதியம் சாப்பிட்டதும் எனக்குக் கண்ணு சொக்குது. அந்த மனுஷன் தலையைத் தூக்கினா நேரா என் மூஞ்சிதான் தெரியும்."

அக்கா வாய்விட்டுச் சிரித்தாள்.

மறுநாள் ஒரு வழுக்கைத் தலைக்காரர் வந்தார். கழுத்தில் நேற்று வந்த கிளார்க் மாட்டியிருந்த அதே கம்பெனி அடையாள அட்டை.

"என் ரூம் கண்ணாடிக்கு வெளிய ஒரு செடி இருக்கும்மா. அது சீக்கிரம் அகலமா வளரணும். உரம் கொடு, யாருக்கும் தெரியாமப் போட்டுக்கறேன்."

"எதுக்கு சார்?"

"மதியம் ஒரு குட்டித் தூக்கம் போடலாம்னா, எதிர் சீட்டு கிளார்க் என்னையே பார்த்துட்டு இருக்கான்."

அக்கா எடுத்த உரப் பாக்கெட்டைத் திரும்ப வைத்தாள்.

"நீங்க போடாதீங்க சார். ஏற்கெனவே ஒருத்தர் போடறார். ரெண்டு பேரும் போட்டா வேர் கருகிடும். அப்புறம் ரெண்டு பேருமே முழிச்சிட்டுதான் இருக்கணும்."